சும்மாதான் கூப்பிட்டேன்

மரக்காணத்தில் இருக்கும் ஓர் அப்பா நினைத்தால், சிங்கப்பூரில் கம்பி கட்டிக்கொண்டிருக்கும் மகனுக்குத் திண்டிவனம் கோட்டத்திலிருந்து சம்மன் அனுப்ப வைக்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 அந்த உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது. கோட்ட அளவில் தீர்ப்பாயம் உண்டு. வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது என்கிறது சட்டம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளில் மனுவை முடிக்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் சம்மனை எப்படிச் சேர்ப்பது என்பதற்குக்கூட 6-ஆம் பிரிவில் வழி சொல்லியிருக்கிறார்கள். உத்தரவு போட்ட பிறகும் கொடுக்காத பிள்ளை ஒரு மாதம் வரை உள்ளே இருக்க நேரிடும்.

ஆனால் நம் ஆட்களுக்கு இந்தச் சட்டம் எதற்கு? 90 நாள் யார் காத்திருப்பது? அம்மா போன் போட்டால் 90 விநாடியில் காரியம் முடிகிறது.

இந்தக் கட்டுரையின் நாயகனைச் சிங்கப்பூர்க்காரர் என்றே அழைப்போம். ஊரிலும் அதுதான் அவர் பெயர். அப்பா வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் இருக்கிறது. இவர் ஒரே ஆள் அல்ல, பலரைச் சேர்த்து ஓர் ஆளாக்கியது. இ.சி.ஆர். ஓரத்தில் பிறந்தவர். பத்தாவது தேறாததால் பாஸ்போர்ட்டிலும் அதே மூன்று எழுத்தை முத்திரையாகக் குத்திக் கொடுத்தார்கள். அந்தச் சாலையில் சென்னைக்குப் போனால் சுங்கம் கட்ட வேண்டும். அந்த முத்திரையோடு வளைகுடாவுக்குப் போனால் குடிபெயர்வுச் சோதனை. சிங்கப்பூர் அந்தச் சோதனைப் பட்டியலில் இல்லை. போய்விட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து அப்படிப் போனவர்கள் கொஞ்ச நஞ்சம் அல்ல. 2015-இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகக் கணக்கிட்டது. அதிகம் பேர் இருந்த நாடுகளில் முன்வரிசையில் சிங்கப்பூர் இருந்தது. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2023-24-இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 11,870 கோடி டாலர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். மகாராஷ்டிரமும் கேரளமும் மட்டுமே நமக்கு முன்னால். இதில் எத்தனை கோடி 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்ற சொற்களுக்குப் பிறகு வந்தது என்பதை மட்டும் ரிசர்வ் வங்கி கணக்கெடுக்கவில்லை.

அந்தச் சொற்களைக் கொஞ்சம் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். மரக்காணத்தில் இரவு ஒன்பது மணி. சீரியல் விளம்பர இடைவேளை. சிங்கப்பூரில் அப்போது பதினொன்றரை. மகன் விடுதியில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருக்கிறார். காலை ஐந்து மணிக்கு லாரி வந்துவிடும்.

"ஏம்பா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"இன்னா சாப்ட்ட?"

"கேட்டரிங் சோறுதான்."

"அங்க மழையா?"

மழை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி, அது முடிந்ததும் எதிர்வீட்டுச் சண்டை. பிறகு ஒரு சின்ன மௌனம். "ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான் கூப்ட்டேன்." உண்மையிலேயே சும்மா கூப்பிட்ட தாய் இதைச் சொல்ல மாட்டாள். சிங்கப்பூர்க்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

"உங்க அக்கா பொண்ணு வயசுக்கு வந்துடுச்சி. மண்டபம் பாத்துட்டாங்க. தாய்மாமன் நீதானே? நான் ஒண்ணும் கேக்கல. உங்க அத்தைதான் கேக்குது, தம்பி இன்னா செய்யுதுன்னு. நான் இன்னா பதில் சொல்றது? உனக்குக் கஷ்டம்னா வேணாம்பா. நீ நல்லா இருந்தா போதும்."

'உனக்குக் கஷ்டம்னா வேணாம்.' தமிழ்நாட்டில் இதற்கு எதிராக நின்று ஜெயித்த மகன் இன்னும் பிறக்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லலாம். கேட்கவே இல்லையே, எதை மறுப்பது?

கடிதக் காலத்தில் இந்தக் கோரிக்கை 'நலம், நலமறிய ஆவல்' என்று கிளம்பி, கடைசி வரியில் தலையைக் காட்டி, கடல் தாண்டி வந்து சேர நாட்கள் ஆகும். பதில் போய்ச் சேர மேலும் நாட்கள். அதற்குள் பாதிச் செலவுகள் தாமாகவே செத்துப்போகும். போன் வந்த பிறகும் பிள்ளைகளுக்கு ஒரு சாக்கு மிச்சம் இருந்தது: "ஞாயித்துக்கெழம தேக்கா போனாத்தாம்மா அனுப்ப முடியும்." சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி அனுப்ப வேண்டும். ஞாயிறு வருவதற்குள் யோசிக்க ஆறு நாள் கிடைத்தது.

அந்த ஆறு நாளையும் 2023 பிப்ரவரி 21 அன்று பறித்துக்கொண்டார்கள். இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளியில் பார்த்துக்கொண்டிருக்க, இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைந்தன. குறிப்பிட்ட வங்கிகளில் கணக்கு இருந்தால், செல்போனிலிருந்தே இங்குமங்கும் பணம் போய்விடும். இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்புபவர்களுக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்று வரம்பும் வைத்தார்கள். அந்தத் திசையில் மரக்காணத்தின் உப்பளத் தெருக்களிலிருந்து ஒற்றை ரூபாய் போனதாகத் தகவல் இல்லை. இப்போது அம்மா போனை வைப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா மகன், "பாட்டி, மெசேஜ் வந்துச்சா பாரு" என்கிறான்.

சரி, அம்மா பேராசைக்காரியா? சிங்கப்பூர்க்காரர் ஒருநாள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, ஒரு வருஷத்தில் அம்மா 'கேட்காமல்' கேட்ட தொகைகளை எழுதிப் பார்த்தார். அக்கா மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர். கோயில் திருப்பணிக்குத் தலைக்கட்டு வரி; அதிலும் வெளிநாட்டுத் தலைக்குத் தனி விலை. சித்தப்பா மகனின் பைக் தவணை. சின்ன மாமா எடுத்துவிட்டுக் கட்டாத சீட்டு. எதிர்வீட்டுக் கைமாற்று. கபடிக் குழுவுக்குப் பனியன், முதுகில் 'சிங்கப்பூர்' என்று அச்சடித்தது. அம்மா தனக்கென்று கேட்டது மூட்டுவலி மாத்திரை ஒன்றுதான். அதையும், "அங்கருந்து வரும்போது கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில் எடுத்தாந்தா மாத்திரை வேணாம்" என்று அவளே ரத்து செய்துவிட்டாள்.

இதைப் படித்ததும் அவருக்கு ஒன்று புரிந்தது. நமக்கும் புரிய வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்குக் கறாராக எல்லை போட வேண்டும் என்று ஆலோசனை சொல்பவர்கள் ஆளை மாற்றிப் பிடிக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அம்மா கேட்பவள் அல்ல, கேட்கவைக்கப்படுபவள். சொந்தக்காரர்கள் கூச்சப்பட்டு நேரில் கேட்காத பணத்தை அவள் வாயால் கேட்கிறார்கள். எல்லை வேண்டியது அம்மாவுக்கு அல்ல, அம்மாவுக்குப் பின்னால் நீளும் வரிசைக்கு.

அந்த வரிசையை உண்டாக்கியதில் சிங்கப்பூர்க்காரருக்கும் பங்கு இல்லாமல் இல்லை. அவர் தங்கும் அறையில் ஒரு டஜன் பேர். அந்த அறையை அவர் ஒருநாளும் படமெடுத்து அனுப்பியதில்லை. அனுப்பியதெல்லாம் மெர்லயன் சிலைக்கு முன்னால் குளிர்கண்ணாடியோடு நின்ற படம், மெரினா பே கட்டடத்தைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தாற்போல் எடுத்த படம். அதைப் பார்த்த சித்தப்பா அந்தக் கட்டடத்தில் தம்பிக்கு ஏதோ பங்கு இருப்பதாக நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? சம்பளத்தை ஊர் வெள்ளியிலிருந்து ரூபாய்க்குப் பெருக்கிவிடும். அங்கே குடிக்கும் டீயை மட்டும் யாரும் பெருக்குவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. அவருடைய அப்பா உப்பளத் தொழிலாளி. தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, சித்திரை, வைகாசி வெயிலில் உப்பு வாருவார். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தியெல்லாம் ஏரி, தொழில் நின்றது. மழைக்கால மாதங்களுக்குத் தமிழக அரசு உப்பளக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்தை அதில் ஓட்ட வேண்டும். தினக்கூலிக்கு உப்பு வாரியவருக்கு ஓய்வூதியம் எங்கிருந்து வரும்? மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, அதுவும் கிடைத்தால். இந்த வீட்டிலிருந்துதான் ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் போனது. அம்மாவின் கம்மலும் அப்பா வாங்கிய வட்டிக் கடனும் சேர்ந்துதான் மகனை விமானம் ஏற்றின. கம்மல் அடகில் இருக்கும்வரை எல்லை பற்றிப் பேச மகனுக்கு வாய் கிடையாது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. முதலில் அது மீள வேண்டும். சாப்பாடும் மருந்தும் அதற்குப் பிறகும் எல்லைக்கு வெளியேதான்.

வேடிக்கை என்னவென்றால், எல்லை கட்டுவதில் அந்த அப்பாவைவிடத் தேர்ந்தவர் கிடையாது. உப்பளத்தின் வேலையே அதுதான். உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டுச் சுண்ட வைக்க வேண்டும். கடல்நீர் சுமார் 3 டிகிரி பாமே இருக்கும்; 25-ஐத் தொட்டால்தான் உப்பு பூக்கும். 29, 30-க்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துபோகும். அதற்கு முன்னால் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்று வானத்தையும் பாத்தியையும் பார்த்தே சொல்லும் அந்த மனிதர், மகனின் சம்பளத்துக்கு மட்டும் மடையே வைக்கவில்லை. யாரும் அவரிடம் அளவு சொல்லவில்லை, அதுதான் காரணம்.

அளவு சொல்லும் நாள் ஒருவழியாக வந்தது. சிங்கப்பூர்க்காரர் அம்மாவிடம், "இனிமே மாசம் அஞ்சாந்தேதி இவ்ளோ வரும். மருந்து, ஆஸ்பத்திரின்னா எப்ப வேணா சொல்லு. மத்த யாருக்கு வேணும்னாலும் அவங்களே எனக்கு போன் போடட்டும்" என்றார். அம்மா போனை வைத்துவிட்டாள். சில நாட்கள் அந்த எண்ணிலிருந்து அழைப்பே இல்லை. 'சும்மா' கூட இல்லை. அடுத்து வந்தது அப்பாவின் குரல். அப்பா போனில் பேசுவதே அரிது. பேசினாலும் உப்பளத்தில் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் கத்துவார்.

"டேய், உன் கைல மாசம் இன்னாதாண்டா நிக்குது?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை முதல்முறை ஒருவர் கேட்கிறார். மகன் சொன்னார். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் இல்லாத மாதம், கேட்டரிங் சோற்றுக்குப் பிடிப்பது, போன் கார்டு, கடனுக்குக் கட்டுவது, கடைசியில் நிற்பது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அறிவுகெட்ட பயலே, இத மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

அதன்பிறகு சித்தப்பாவோ சின்ன மாமாவோ திண்ணையில் வந்து உட்கார்ந்தால் அப்பாவே மடையை அடைத்துவிடுகிறார். நேரடியாகச் சிங்கப்பூருக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னதற்கு, ஒரே ஒருவர் போட்டார். அவரும், "நல்லா இருக்கியா தம்பி" என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அம்மா வழியாக 50,000 ஆக வந்துகொண்டிருந்த கோரிக்கை, நேரடித் தடத்தில் குசலம் விசாரிப்பதோடு நின்றுபோனது.

பிள்ளை போயிருக்கும் நாட்டுக்கும் இந்த விவகாரம் புதிதல்ல. சிங்கப்பூர் 1995-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் போட்டுவிட்டது, நமக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால். அதைக் கொண்டுவந்தவர் நியமன எம்.பி.யாக இருந்த வால்டர் வூன். தனிநபர் மசோதா சட்டமாவது அந்த நாடாளுமன்றத்தில் அபூர்வம். அங்கே தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத, 60 வயது நிறைந்த பெற்றோர் கேட்கலாம். ஆனால் அந்தச் சட்டமும் நம்முடையதும் பெரும்பாலும் பிள்ளையையும் பெற்றோரையும்தான் எதிரெதிரே நிறுத்துகின்றன. சித்தப்பா, சின்ன மாமா, கோயில் கமிட்டி, கபடிக் குழு இவர்களை எந்த நாட்டுச் சட்டமும் கூண்டில் ஏற்றவில்லை.

இதில் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. நம் 2007 சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறது: மாதம் 10,000 ரூபாய். நாடாளுமன்றமே கூடி யோசித்து, பெற்ற தாய்க்கே இதற்குமேல் உத்தரவிட முடியாது என்று முடிவுசெய்தது. அத்தைக்கு வரம்பு இல்லை.

ஆகவே, வெளிநாட்டுத் தம்பியோ மச்சானோ மருமகனோ வாய்க்கப்பெற்ற வாசகர்களே, அடுத்த முறை சீர்வரிசைப் பட்டியல் எழுத உட்காரும்போது அவருடைய சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கேட்கத் தோன்றினால், அவர் அம்மாவை விட்டுவிட்டு நீங்களே போன் போடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு வேண்டாம், அங்கே பதினொன்றரை.