சித்தப்பாவின் நாள் மதிப்பு 32.50 யூரோ: பாண்டியிலிருந்து பாரீஸுக்குச் சிக்கனமாகக் குளிர்காலப் பயணம் போவது பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கையில் காசில்லாதவர் குளிர்காலத்தில் வெளிநாடு போவது எப்படி? உலகெங்கும் இதற்கு ஒரே விடைதான்: போகாமல் இருப்பது. புதுச்சேரி நகரில் மட்டும் இந்த விடை செல்லுபடியாவதில்லை. சம்பளத்தில் பாதியை வீட்டுக் கடனுக்குக் கட்டுகிறவர்கூட, மார்கழி மாலையில் முத்தியால்பேட்டை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "பொங்கல் கழிச்சு பாரீஸ் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்னு இருக்கோம்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வியப்பதில்லை. "யார் வீட்ல தங்கறீங்க?" என்று மட்டும் கேட்கிறார்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இவ்வாய்வின் கருதுகோள். பாண்டிக்காரரின் பயணச் செலவைத் தீர்மானிப்பது அவருடைய வங்கிக் கணக்கு அன்று. அவர் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் 1962இல் போட்ட, அல்லது போடாமல் விட்ட, ஒரு கையெழுத்து.

ஆய்வெல்லை: பயணி இந்தியப் பாஸ்போர்ட் உடையவர், பாரீஸிலோ சார்செல் போன்ற புறநகரிலோ பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினர் ஒருவரையேனும் உடையவர், பணம் இல்லாதவர். மூன்றாவது தகுதி இல்லாதோர் இக்கட்டுரையைப் படித்துப் பயனில்லை.

2. முன்னோடிகள்

இத்துறையின் மூலவர் குருவப்ப பிள்ளை. இவருடைய தந்தை நைனியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி. 1716இல் கைதாகி, மறு ஆண்டே சிறையில் இறந்தார். தந்தைக்கு நேர்ந்த அநீதியை முறையிட மகன் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார், புனித மிக்கேல் பெயரிலான வீரப் பட்டமும் பெற்றார், ஊர் திரும்பித் துபாஷியும் ஆனார். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது என்பதால் அந்தக் காலத்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் போயின. பயணத்தின் வெற்றியை ஆய்வாளர் மறுக்கவில்லை. ஆனால், உறவுக்காரர் இல்லாத ஊருக்குப் போகிறவர் பெயரையும் மதத்தையும் மாற்றிக்கொண்டே காரியம் சாதிக்க வேண்டியிருந்தது என்பது குறிக்கத்தக்கது. சிக்கனப் பயணத்துக்கு இது மாதிரி ஆகாது.

3. சித்தப்பா தோன்றிய வரலாறு

பாரீஸில் சித்தப்பா எவ்வாறு உண்டானார்? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய பிரெஞ்சிந்திய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. இரு நாட்டு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, சட்டப்படியான மாற்றம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், மண்ணின் மைந்தர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது ஒப்பந்தம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள்.

பல வீடுகளில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வூதியம் கண்முன் நின்றது; நிலத்தில் இருந்தவர்களுக்கு நெல் நின்றது. எழுதிக் கொடுத்த பெரிய தாத்தாவின் வழி வந்தவர் இன்று சார்செல்லில் அடுக்குமாடியில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா. கொடுக்காத தாத்தாவின் வழி வந்தவர், விசா விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கும் நாம். ஆறு மாத அவகாசத்தில் எடுத்த முடிவின் வட்டி அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இரு கிளைகளும் எப்படித் தீர்த்துக்கொள்கின்றன என்பதே இனி வருவது.

4. விலை நிர்ணயம்

பிரான்சுக்குக் குறுகியகால விசா கேட்பவர் நாளொன்றுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்பதற்கு அந்நாட்டில் பட்டியல் உண்டு. ஓட்டல் முன்பதிவு இருந்தால் 65 யூரோ. எந்த முன்பதிவும் இல்லையென்றால் 120 யூரோ. உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் 32.50 யூரோ. ஓட்டலிலிருந்து உறவைக் கழிக்க, எஞ்சுவது 32.50. ஆக, ஒரு சித்தப்பாவின் நாள் மதிப்பு 32 யூரோ 50 சென்ட். உறவுக்கு விலை மதிப்பில்லை என்று கல்யாண மேடைகளில் முழங்குவோர், பிரெஞ்சு அரசு அதைத் தசமத்தில் இரண்டு இடம் வரை கணக்கிட்டு வைத்திருப்பதை அறியார்.

அஃதேல், 120இலிருந்து கழித்து 87.50 என்று கொள்ளலாகாதோ எனின், ஆகாது; என்னை? ஓட்டலும் இன்றிச் சித்தப்பாவும் இன்றிப் பாரீஸ் போகும் பாண்டிக்காரர் ஆய்வாளர் கண்ணில் பட்டதில்லை ஆகலின்.

20 நாள் பயணத்துக்குச் சித்தப்பாவின் மொத்த மதிப்பு 650 யூரோ. கணக்கு மனதில் நிற்க யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் 65,000 ரூபாய்.

இம்மதிப்பு தானாக வந்து சேராது. சித்தப்பா தம் ஊர் நகராட்சி அலுவலகமான மேரிக்கு நேரில் போய், வீட்டுக்கான ஆவணமும் வருமானச் சான்றும் காட்டி, முத்திரைக் கட்டணமும் கட்டி, "இவர்களை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்" என்று சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். மேரி என்றால் பாண்டிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய வடிவிலேயே கட்டி 2021இல் திறந்த கடற்கரைக் கட்டடத்தின் ஒன்றுவிட்ட உறவு அது. விண்ணப்பம் தள்ளுபடியானாலும் சித்தப்பா கட்டிய பணம் திரும்பாது. ஆகவே அவரிடம் கேட்கும் முறை நுட்பமானது.

முத்தியால்பேட்டை அத்தை ஒருவர் கேட்டதை ஆய்வாளர் அருகிலிருந்து பதிவு செய்திருக்கிறார். குளிர்காலத்தில் பிரான்ஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே இரவு ஒன்பது, அங்கே மாலை நாலரை. முதலில் முட்டிவலி, பிறகு மழை, பிறகு இறந்துபோனவர்கள். அதற்கப்புறம்தான், "ஏன் தம்பி, தை மாசம் உங்க பக்கம் குளிரு எப்படி இருக்கும்?" என்றார். வானிலை பற்றிய கேள்வி அன்று அது என்பது இரு முனையிலும் தெரியும். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "வாங்கக்கா. வீடுதான் சின்னது" என்று வந்தது. இதன் பின்பாதியை அத்தை காதில் வாங்கவில்லை.

ஏனைய செலவுகள் சுருக்கமாக: விசாக் கட்டணம் பெரியவர்க்கு 90 யூரோ, 2024 ஜூன் முதல். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல். வங்கிக் கணக்கு மூன்று மாதத்துக்கு. மச்சானிடம் போன வாரம் கைமாற்றாக வாங்கிப் போட்ட இரண்டு லட்சம், அந்தக் கணக்கில் பந்தியில் உட்கார்ந்த புது மாப்பிள்ளை மாதிரி தனியாகத் தெரியும். மூன்று மாதம் முன்பே கைமாற்று வாங்குதல் நலம்.

5. காலத் தேற்றம்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற முன்னோர் கூற்று விமானக் கட்டணத்தைப் பற்றியது என்பது இவ்வாய்வின் துணிபு. கார்த்திகையில் கிளம்பக்கூடாது: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது, பாண்டிக்காரருக்கு வெளிநாட்டு விமானம் சென்னையில்தான். மார்கழியிலும் கூடாது: கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று டிக்கெட் உச்சத்தில் நிற்கும். பொங்கல் கழிந்தபின் கட்டணம் இறங்குகிறது. மேலும், பிரான்சில் அரசு தேதி குறித்து நடத்தும் குளிர்காலத் தள்ளுபடி விற்பனை ஜனவரி இரண்டாம் புதனையொட்டித் தொடங்கி நான்கு வாரம் நடக்கும். அதில் பெரும்பகுதியும் தையில்தான் விழுகிறது.

இதிலிருந்து ஒரு கிளைத்தேற்றம்: கோட்டைப் பாண்டியில் வாங்கலாகாது. இங்கே ஜனவரி அதிகாலை ஏறக்குறைய 21 டிகிரி. அதற்கே கடற்கரைச் சாலையில் நடப்போர் குரங்கு குல்லாவும் மப்ளரும் மாட்டிக்கொள்கின்றனர். பாரீஸில் அம்மாதச் சராசரி 5 டிகிரியை ஒட்டி. வித்தியாசம் 16 டிகிரி; இதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காந்தி வீதியில் வாங்கிய ஸ்வெட்டர் தாங்காது. போன முறை போய் வந்தவர் வீட்டு பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு ஒரு கோட்டு நிச்சயம் இருக்கும். அதைக் கடன் வாங்கிப் போய், அங்கே தள்ளுபடியில் புதிது வாங்கி, திரும்பியதும் அதை அடுத்தவருக்குக் கடன் கொடுப்பது மரபு.

6. எடையியல்

650 யூரோவுக்கு ஈடாகச் சித்தப்பாவுக்கு நாம் கொடுப்பது பெட்டி. விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பொதுவான வரம்பு 23 கிலோ. 65,000 ரூபாயை 23ஆல் வகுக்க, கிலோவுக்கு 2,826 ரூபாய். அஃதாவது, ஊர்ச் சரக்கு ஒவ்வொரு கிலோவையும் சித்தப்பா இந்த விலைக்கு வாங்குகிறார். தரக்குறைவை அவர் பொறுக்க மாட்டார்.

எதை எடுத்துப் போவது என்பதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் நம் சமையலறையை வியக்கத்தக்க வகையில் இரண்டாகப் பிரிக்கிறது. இறைச்சியும் பால் பொருளும் கூடா. ஆகவே நெய் கூடாது, பால்கோவா கூடாது. பச்சைத் தாவரங்களுக்குப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே கறிவேப்பிலை கூடாது. இதற்கு விலக்குப் பெற்ற கனிகள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழை, பேரீச்சை. மீன் மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம், உலர்த்தியதும் அதில் அடங்கும். நெய்யை மறித்துக் கருவாட்டுக்கு வழிவிடும் இச்சட்டத்தை இயற்றியவர்களில் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஆனால் சார்செல் மாடியில் கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டார் என்ன சொல்வர் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

எடை போடும் முறை: பழைய பேப்பர் கடையிலிருந்து கொக்கித் தராசு இரவல் வாங்கி, நடைக்கதவின் மேல்கம்பியில் மாட்டி, பெட்டியைத் தொங்கவிட வேண்டும். அத்தை வீட்டில் முள் 24ஐத் தாண்டியது. மாமா வடகப் பொட்டலத்தை எடுத்தார்.

"அதை எடுக்கறீங்களா? உங்க பேண்ட்டை எடுங்க."

"அங்க கடையில கெடைக்கும்டீ."

கிடைக்கும் என்பது உண்மை. நம் வடகத்தைப் பிரெஞ்சுச் சமையல்காரர்களே 'வடூவான்' என்று தூள் செய்து தட்டில் தூவுகிறார்கள். பாரீஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லா சப்பல் பகுதியில், ஈழத் தமிழர் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து முறுக்கு வரை உண்டு. எனினும் பெட்டியில் போவது உணவு அன்று, கடனுக்குக் கட்டும் தவணை என்பதை அத்தை மாமாவைவிடத் தெளிவாக அறிந்திருந்தார். பேண்ட் வெளியே வந்தது.

7. தங்கலும் நடமாட்டமும்

ஷெங்கன் விதி 180 நாளில் 90 நாள் தங்க விடுகிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிறது தமிழ் விதி. இரண்டும் முரணும்போது வலியது எது? தமிழ் விதியே, ஏனெனில் அதை அமல்படுத்துபவர் சமையலறையில் நிற்கிறார். 20 நாளை மூன்றால் வகுக்க, ஆறு வீடும் ஒரு வீட்டில் மூன்றில் இரண்டு பங்கும், முழுமையாக்கினால் ஏழு. ஏழு சித்தப்பாக்கள் இல்லாதோர், பகல் முழுதும் வெளியே இருந்து நாளைப் பாதியாக்கலாம். டிசம்பர் கடைசியில் பாரீஸில் வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். தையில் மெல்ல நீள்கிறது. பகல் குட்டையானால் செலவும் குட்டை.

போக்குவரத்தில் ஒரு நுட்பம். 2025 ஜனவரியில் மெட்ரோ ஒரு பயணம் 2.50 யூரோ, விமான நிலையத்திலிருந்து 13 யூரோ என்று ஆயின. நவிகோ வாராந்திரப் பாஸ் எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் தொடங்கி ஞாயிறோடு முடியும். வியாழனன்று இறங்கி வாங்குபவர் திங்கள், செவ்வாய், புதனை அரசுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறார். ஆகவே நல்ல நாள் பார்ப்போர் இராகுகாலத்தோடு இதையும் பார்த்து, திங்களில் தரையிறங்கக் கடவர்.

பார்க்க வேண்டியவை, இலவசம் என்ற வரிசையில்: பாரீஸ் நகர வரலாறு சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி எந்நாளும் இலவசம். ஓர்சே, கிமே அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். கிமேயில் சோழர் கால நடராசர் இருக்கிறார். குளிரில் ஒரு காலைத் தூக்கியே நிற்கும் அவரை ஊர்க்காரர் என்ற முறையில் பார்த்து வருவது கடமை. ஐஃபல் கோபுரத்தைக் கீழிருந்து பார்த்தால் காசில்லை. படம் எடுக்கவும் கீழிருந்தால்தான் முழுதாக விழும்.

8. எதிர்ப்பாய்ச்சல்

இதுவரை கண்ட கணக்கில் பயணியே ஆதாயம் அடைகிறார் என்று வாசகர் எண்ணக்கூடும். கணக்கின் மறுபக்கம் வேறு. ஆண்டுதோறும் டிசம்பரில் சித்தப்பாவும் சித்தியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பாண்டிக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் அது குளிர்காலப் பயணம்; அவர்களுக்கும் கை இறுக்கம்தான். ஆனால் அத்தை வீட்டில் தங்குவதற்கு எந்த மேரியும் சான்று கேட்பதில்லை. அவர்களின் நாள் மதிப்பை எந்த அரசும் நிர்ணயிக்கவில்லை.

எந்த அரசும் செய்யாததை அத்தை செய்திருக்கிறார். அலமாரியில் கோடு போட்ட நோட்டு ஒன்று. கேஸ் சிலிண்டர் தேதி வாரியாக. வஞ்சிரம், இறால், விலையோடு. மினரல் வாட்டர் கேன் எத்தனை. மேல்மாடி ஏசி ஓடிய மாதத்துக் கரண்ட் பில் தனியாக. "சொந்தத்துல கணக்குப் பாக்கலாமா அத்தை?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"பாக்கக் கூடாதுடா. அதான் எழுதி வெச்சிருக்கேன். எழுதலன்னா மனசுலயே ஓடிக்கிட்டு இருக்கும்."

நோட்டைப் பார்வையிட ஆய்வாளர் அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. இதே அளவில் இதே கோடு போட்ட நோட்டு சார்செல்லிலும் ஒன்று இருக்கிறது என்பதும், அதில் 32.50 என்ற எண் இல்லை என்பதும் நம்பத்தக்க தகவல்.

9. முடிவும் பரிந்துரையும்

பாண்டியிலிருந்து பாரீஸுக்குச் சிக்கனமாகப் போகலாம். செலவு குறைவதில்லை, அது 1962இல் பிரிந்த இரு கிளைகளுக்கிடையே பெட்டியாகவும் படுக்கையாகவும் மாறி மாறிப் போகிறது, அவ்வளவே. இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்து நேர் பார்க்கும் ஆய்வை எவரும் மேற்கொள்ள வேண்டாம் என்று இக்கட்டுரை அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. கணக்கு நேரானால் அடுத்த தையில் யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியிராது.