ரிவர்ஸ் என்றால் மூச்சு நிற்பதேன்?

20 வயது ஆட்டோமேட்டிக் கார். 'டி'யில் ஜம்மென்று ஓடுகிறது. ரிவர்ஸ் போட்டதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. முன்வைத்த காலைப் பின்வைக்காத ஜாதியோ?

கால் சரி, இன்ஜினைத் தாங்கும் ரப்பரைப் பார்த்தீர்களா? ரிவர்ஸில் இன்ஜின் எதிர்ப்பக்கம் சாயும். மவுண்ட் ரப்பர் நைந்திருந்தால் சாய்வு அதிகமாகி, வெடித்த வேக்குவம் ஹோஸோ தளர்ந்த வயரோ அந்த நேரம் பார்த்து இழுபடும். 'டி'யிலும் திணறினால் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைக்கச் சொல்லுங்கள். அணைந்தபின் ஸ்டார்ட்டே ஆகவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள், சில கார்களில் ரிவர்ஸ் விளக்கு வயர் ஷார்ட் ஆனால் இன்ஜினுக்கான ஃப்யூஸும் சேர்ந்தே போகும்.

இதையெல்லாம் பார்க்காமல் கியர்பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள். சோதிக்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்க வேண்டாம்.