துடுப்பு, திராட்சை, அரிக்கொம்பன்

காலையில் கயாக், மாலையில் ஒயின் ருசி. நாசிக்கில் இது சுலபம். கங்காபூர் அணைப் பக்கம்தான் சுலா திராட்சைத் தோட்டம். 2005 முதல் அங்கே ருசிக்கூடமும் இருக்கிறது. கேரளத்தின் சின்னக்கானலுக்கும் இதைக் கொண்டுவரலாமே என்று எந்தச் சுற்றுலா மூளையாவது யோசித்தால் குறை சொல்ல முடியாது. தண்ணீருக்கு ஆனையிறங்கல் நீர்த்தேக்கம். மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை. சின்னமனூர் பக்கம் ஒயின் ஆலைகூட உண்டு.

சிக்கல் ஒன்றுதான். அந்த நீர்த்தேக்கத்தை யானைகளும் நீந்திக் கடக்கின்றன. கயாக்கில் ஹாரன் கிடையாது.

இந்த மலை-பள்ளத்தாக்குப் பாக்கேஜை முழுசாக முடித்த பிரபலப் பயணி அரிக்கொம்பன் என்ற காட்டு யானை. சின்னக்கானலில் அவனுக்கு ருசிக்கூடம் பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடை. சுவரை இடித்து அரிசியைப் பதம் பார்ப்பான். 2023 ஏப்ரல் 29-இல் மயக்க ஊசி, 4 கும்கிகள், லாரி. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

மே 27-இல் கம்பம் தெருவில் வந்து நின்றான். திராட்சை ஊருக்கு 144 தடையுத்தரவு. அடிபட்ட ஒருவர் பிறகு இறந்தும் போனார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 5-இல் தமிழக வனத்துறை மறுபடி ஊசி போட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு ஏற்றி அனுப்பியது. லாரிச் செலவு இரண்டு மாநில அரசுகளுடையது. சாப்பாட்டை மட்டும் அவனே பார்த்துக்கொண்டான்.