இரண்டாயிரம் ரூபாய்ச் சூரியன்

எங்கள் வீட்டுக்குள் ஒரு சூரியன் குடியேறி மூன்று வருடமாகிறது. விலை 2,000 ரூபாய்; நான்கு பென்சில் பேட்டரி தனி. கேமராவின் உச்சந்தலையில் செருகிக்கொள்ளும் இந்த ஃப்ளாஷின் பெருமையை யாரும் முறையாகப் பாடவில்லையே என்பது என் நெடுநாள் வருத்தம்.

விலை கூடிய ஃப்ளாஷ்கள் கேமராவோடு கூடிப் பேசி, எவ்வளவு வெளிச்சம் வேண்டுமென்று தாமே முடிவு செய்துவிடும். டி.டி.எல். என்பார்கள். என்னுடையதுக்கு அந்த அதிகப்பிரசங்கித்தனம் கிடையாது. முழுப் பலத்திலிருந்து 128-இல் ஒரு பங்குவரை எட்டுப் படிகள்; எந்தப் படி என்பது எஜமானரின் விருப்பம். அக்கா மகளின் பிறந்தநாளன்று எஜமானர் சரியான படியைக் கண்டுபிடிப்பதற்குள் கேக்கை வெட்டித் தின்று தட்டும் கழுவியாயிற்று.

அதனிடம் நான் கற்ற பாடம் கொஞ்சமல்ல. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும் என்று பள்ளியில் எத்தனையோ முறை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. ஒரே கொலுவில் ஏறிவிட்டது. ஒரு மீட்டரில் இருந்த கீழ்ப்படிச் செட்டியார் பொம்மை வெளுத்து வெள்ளைக்காரராகிவிட்டார். இரண்டு மீட்டரில் இருந்த மேல்படி அம்பாளோ இருட்டில் தவம்.

கூட்டுக்குடும்பம் சிதைகிறதே என்று கவலைப்படுவோர் எங்கள் ஆல்பத்தைப் பார்க்கவேண்டும். சுவரோரம் ஐந்து பேர் நின்றால் கன்னங்கரேலென்ற நிழல்களோடு பத்துப் பேராகத் தெரிவோம். அடுக்களையிலிருந்து வியர்வையோடு வந்து நின்ற அத்தையின் நெற்றி குத்துவிளக்காய் ஜொலித்தது. பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த தாத்தாவுக்குத் தலையே இல்லை. அந்த இடத்தில் ஒரு ஜோதி. உயிரோடு இருந்தபோது அவர் முகத்தில் இத்தனை தேஜஸை நாங்கள் கண்டதில்லை.

விவேகமும் உண்டு. என் ஃப்ளாஷ், நொடியில் 200-இல் ஒரு பங்குக்குமேல் விரையும் ஷட்டரோடு ஒத்துப்போகாது. அவசரத்தில் 500-இல் வைத்து, கேமராவை நெடுக்காகப் பிடித்து ஒருமுறை அடித்தேன். பாதிப் படம் கறுத்துவிட்டது. என் மைத்துனர் நின்றிருந்த பாதி.

முழுப் பலத்தில் ஒருமுறை மின்னினால், கொசுபோல ரீங்கரித்துக்கொண்டு சில நொடி ஓய்வெடுக்கும். பேட்டரி சோர்ந்தால் ஓய்வும் நீளும். குழந்தை சிரிப்பது சரியாக அப்போதுதான். சிரிப்பைக் கண்ணால் பார்த்துக்கொள், படமெதற்கு என்று எனக்கு அது உபதேசிக்கிறது போலும்.

எல்லாவற்றுக்கும் மேல் அதன் அடக்கம். தன் கழுத்து திரும்பும் என்பதை இந்த மூன்று வருடத்தில் அது என்னிடம் சொன்னதே இல்லை. போன பொங்கலுக்கு வந்த அண்ணன் மகன்தான் கையில் வாங்கி, தலையைக் கூரைப் பக்கம் சாய்த்து அடித்தான். வெள்ளைக் கூரையில் பட்ட வெளிச்சம் மெத்தென்று இறங்கியது. நிழல்கள் கரைந்தன. தாத்தாவுக்குத் தலை திரும்பக் கிடைத்தது. இதைப் பார்த்து உற்சாகமாகி நானும் வாங்கிப் பக்கவாட்டில் திருப்பி அடித்தேன். எங்கள் கூடத்துச் சுவர் இலைப்பச்சை. அத்தனை பேரும் கொத்தமல்லித் துவையல் பூசியவர்களாக வந்தார்கள்.

அவன் எடுத்த படத்தில் அத்தை அச்சாக அத்தையைப் போலவே இருந்தார். "இது யாருப்பா எடுத்தது? நல்லா இருக்கே!" என்றார்.

பேட்டரி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன் நான்.