புதுமனை மின்கட்டணவியல்: கோலசிலாங்கூர் வட்டாரத் தரவுகளை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

புதுவீடு புகுவது பற்றித் தமிழில் நூல்களுக்குக் குறைவில்லை. வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும், அடுப்பு எந்த மூலையில் எரிய வேண்டும், ஆடியில் ஏன் பால் காய்ச்சக் கூடாது என்றெல்லாம் எழுதி வைத்த முன்னோர், மீட்டர் எப்போது வரும் என்ற கேள்வியை மட்டும் தொடாமலே போய்விட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்க இக்கட்டுரை தன்னால் இயன்றதைச் செய்கிறது.

ஆய்வெல்லை வடக்கே தஞ்சோங் காராங், தெற்கே ஜெராம், கிழக்கே பெஸ்தாரி ஜெயா, மேற்கே மலாக்கா நீரிணை. மேற்கிலிருந்து தரவு எதுவும் கிடைக்கவில்லை. முதன்மைச் சான்றுகள் அனைத்தும் மைலோ டின்களிலிருந்து எடுக்கப்பட்டவை. தோட்டத்துக் குடும்பங்களில் பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாள அட்டை, இ.பி.எஃப். கடிதம், யாரோ எப்போதோ கொடுத்த கடன் சீட்டு எல்லாம் அந்த டின்னுக்குள்தான் அடங்கும். தேசிய ஆவணக் காப்பகங்கள் ஈரத்தைக் கட்டுப்படுத்தப் பெருஞ்செலவு செய்கின்றன. டின்னுக்கு மூடியை அழுத்திச் சாத்தினால் போதும். இங்கே அதிகம் எடுத்தாளப்படுவது என் பெரியப்பாவின் டின், இனி 'பெ.டி.' எனச் சுருக்கமாகச் சுட்டப்படும்.

முதலில் வரலாறு. இந்நாட்டில் முதன்முதலாக மின்னாக்கி ஒன்று ஓடியது 1894இல், நம் ஆய்வெல்லைக்குச் சற்றே வெளியே, ரவாங்கில். ஓட்டியவர்கள் இருவர்: லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் சேர்த்துச் சொல்லப்படும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். ஈயச் சுரங்கத்தில் நின்ற தண்ணீரை இறைக்க அவர்களுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. யாரிடம் டெபாசிட் கட்டினார்கள்? வாங்கிக்கொள்ள அப்போது ஆளே இல்லை. ஆகவே மலாயாவின் முதல் மின்சாரம் முன்பணம் இல்லாத மின்சாரம் என்பதும், அதில் ஒரு தமிழருக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதும் இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. அக்காலத்தைப் பொற்காலம் எனலாம். ஈயக்காலம் என்பது இன்னும் பொருத்தம். பிறகு 1949 செப்டம்பரில் மத்திய மின்சார வாரியம் வந்தது. 1965இல் அது லெம்பாகா லெத்ரிக் நெகாரா ஆகி, 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் ஆனது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் "எல்லெல்லென்காரன் வந்தானா?" என்றுதான் கேட்கிறார்கள். பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருக்கலாம். திண்ணையில் அது செல்லாது.

தோட்டத்து வெளிச்சத்தின் வரலாறு வேறு. பத்தாங் பெர்ஜுந்தையை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில், 1917இல் ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். பிற்பாடு நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். தென்னமரம் என்று பெயர் வைத்துக்கொண்டு செம்பனை வளர்த்த ஊர் உலகில் வேறு இருக்கிறதா என்பது தனியே ஆராயத் தக்கது. நமக்கு வேண்டிய செய்தி, இப்படிப்பட்ட தோட்டங்களில் வெகுகாலம் மின்சாரம் என்பது தோட்டத்துச் சொந்த இஞ்சின் என்பதே. அந்தியில் டபடபவென்று தொடங்கும். இரவு பத்து மணிக்கு நிற்கும். அதன் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு, இல்லாவிட்டால் தூக்கம். லயத்தில் மீட்டர் கிடையாது, பில் கிடையாது, டெபாசிட் கிடையாது. வெளிச்சம் என்பது பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை போலத் தோட்டத்தோடு வந்த ஒன்று. தோட்டத்தை விட்டால் அதுவும் போயிற்று.

அந்த மக்கள் இ.பி.எஃப். பணத்தை எடுத்து, புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் தாமான்களில் மலிவு வீடு வாங்கத் தொடங்கியபோதுதான் மின்கட்டணவியல் ஒரு துறையாகப் பிறந்தது. மலிவு வீட்டுக்கு 1982இல் அரசு வைத்த உச்சவிலை 25,000 வெள்ளி. 1998இல் இடத்துக்கேற்ப 42,000 வரை உயர்ந்தது. வீட்டு விலைக்கு வங்கிக் கடன் உண்டு. மீட்டருக்கு வங்கி கடன் தராது. கையிலிருந்துதான் போக வேண்டும். இத்துறைக்கு மூலநூல் இல்லாமையால், நூற்பாவை நானே யாத்து உரையும் எழுதிக்கொண்டேன்:

கட்டிய வைப்பும் ஒட்டிய முத்திரையும்
கிட்டிய ஒயர்மேன் கேட்ட கூலியும்
முட்டிய பின்னரே எட்டும் ஒளியே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், புதுமனை புகுவோன் மின்பொருட்டுச் செலுத்தும் செலவின் வகை உணர்த்துதல் நுதலிற்று.

வைப்பு என்றது டெபாசிட்டை. கட்டணம் என்னாது வைப்பு என்றார், அது திரும்பி வரும் என்பது தோன்ற. எப்போது வரும் எனின், கணக்கை முடித்து வீட்டை விட்டுப் போகுங்கால், கடைசி பில் கழித்து வரும். விட்டுப் போவதற்கென்று எவரும் வீடு வாங்குவதில்லை ஆகலின், இது மறுமைப் பயன் எனப்படும். முத்திரை என்றது ஒப்பந்தத்துக்குரிய 10 வெள்ளி முத்திரை வரியை. மாளிகைக்கும் 10, மலிவு வீட்டுக்கும் 10. நாட்டில் சமத்துவம் எங்கே எனத் தேடுவோர் ஈண்டுக் காண்க. எச்சில் தொட்டு ஒட்டிய காலம் போய்த் தொகை இன்று கணினியிலேயே சேர்ந்து விடுகிறதே எனின், ஆசிரியர் எதுகை நோக்கி 'ஒட்டிய' என்றார். 'கேட்ட கூலி' என்று கூறி 'கொடுத்த கூலி' என்னாமையான், கேட்டது வேறு கொடுத்தது வேறு என்பது பெற்றாம். உம்மைகள் எண்ணும்மை. எண்ணில் வாராத நான்காவது ஒன்றும் உண்டு; அது பழைய வீடு வாங்குவோர்க்கே உரித்து. அதாவது, முன்னவன் கட்டாமல் விட்டுப் போன பாக்கி. அதனை இலேசினால் கொள்க.

ஒயர்மேன் கூலி ஏன் என்று கேட்போர் உண்டு. புதிய தாமானில் கம்பி இழுத்து வீட்டுக்குள் கொண்டு வருவது மேம்பாட்டாளர் பொறுப்பு. மீட்டருக்கு விண்ணப்பித்து வைப்புத்தொகை கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பனை ஒப்பந்தத்தின் சட்டப்படியான வடிவம் இப்படிப் பங்கு பிரித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. சாவி கிடைத்த அன்று கூரையைப் பார்த்தால் விசிறி இருக்காது, விசிறிக்கான ஓட்டை இருக்கும். அந்தப் பள்ளத்தில் வசிப்பவர்தான் ஒயர்மேன். இணைப்பு வேலை முடிந்ததற்கு ஜி பாரம், சோதித்ததற்கு எச் பாரம் என்று 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை கேட்கும் இரு தாள்களும் தகுதி பெற்ற கையால்தான் எழுதப்பட வேண்டும். ஆகவே அவர் வருகைக்காக ஊரே காத்திருக்கும்.

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் 'பெசோக்'. மலாய் அகராதி இதற்கு நாளை என்று பொருள் சொல்கிறது. அகராதிக்காரர் வீடு வாங்கியதில்லை போலும். களப்பணியில் தெரிந்த பொருள்: இன்றல்லாத ஏதோ ஒரு நாள். இவ்வட்டாரத்தில் 'பெசோக்' அடியோடு மறைந்து போன காலம் ஒன்றே ஒன்று. 2007 ஏப்ரல் 28 ஈஜோக் இடைத்தேர்தலுக்கு முந்திய சில வாரங்கள். தார் வண்டிகள் கேட்காமலே வந்தன. ஆண்டுக்கொரு இடைத்தேர்தல் என்பது மின் இணைப்புக்கு நல்லது என்ற கருதுகோளை முன்வைக்கலாம். சோதித்துப் பார்க்கும் வசதி எனக்கில்லை.

இனி வைப்புத்தொகையின் கணித அடிப்படை. ஏறத்தாழ இரண்டு மாதப் பயன்பாட்டின் மதிப்பு என்பது விதி. 2014 முதல் 2025 ஜூன் வரை இருந்த வீட்டு விகிதத்தைக் கொண்டு பார்ப்போம். முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.8 காசு, அடுத்த 100க்கு 33.4 காசு. மாதம் 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்குப் பில் 77 வெள்ளி, இரண்டு மாதத்துக்கு 154. 200 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டால் 43 வெள்ளி 60 காசு, இரண்டு மாதத்துக்கு 87 வெள்ளி 20 காசு. (2025 ஜூலையிலிருந்து பில் எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு, சில்லறை என்று நால்வகைப் படையாகப் பிரிந்து வருகிறது. அதற்குத் தனி உரை வேண்டும்.)

கணக்கில் பிழையில்லை. ஆனால் வீட்டில் இன்னும் ஒரு விளக்குகூட எரியவில்லை. எரியாத வீடு எவ்வளவு எரிக்கும் என்று எப்படித் தெரியும்? இங்குதான் மின்கட்டணவியல் சோதிடத்தோடு கைகோக்கிறது. சோதிடருக்காவது பிறந்த நேரம் சொல்ல வேண்டும். இங்கே வீட்டின் வகையும் இணைப்பின் வகையும் போதும். வீட்டில் எத்தனை பேர், மருமகள் முடி காயவைக்க என்ன வைத்திருக்கிறாள், மகன் ராத்திரி மூன்று மணிக்குக் கணினியில் யாரைச் சுட்டுக்கொண்டிருக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. பலன் பிசகி நீங்கள் அதிகம் எரித்துவிட்டால் கூடுதல் வைப்பு கேட்டுக் கடிதம் வரும். அது பரிகாரம்.

உண்மையான சோதிடர் இதில் குறுக்கே வந்த நிகழ்வு பெ.டி.யில் பதிவாகியிருக்கிறது. பெரியப்பா வீட்டுக்குத் தை மாதம், வியாழக்கிழமை, விடியற்காலை என்று ஐயர் நாள் குறித்தார். மீட்டர் குறித்த நாளோ பெசோக். இரண்டும் ஒன்றாக விழவில்லை. முகூர்த்தம் தள்ளிப் போகாது என்றார் ஐயர். மீட்டரும் முந்தி வராது. கடைசியில், பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் தம் வரவேற்பறைப் பிளக்கிலிருந்து சன்னல் வழியாக நீட்டிய ஆரஞ்சு நிற ஒயரில் ஒரு குழல்விளக்கும் ஒரு விசிறியும் ஓடின. குத்துவிளக்கு முன்னே, குழல்விளக்கு பின்னே. பால் பொங்கிற்று. மக்சிக் அந்த ஒயருக்குப் பணம் வாங்கவில்லை, முத்திரை கேட்கவில்லை. நான்கு வடை வாங்கிக்கொண்டு, ஐந்தாவது 'பெசோக்' என்று சொல்லிப் போய், மறுநாள் வந்தார். அவர் சொன்ன 'பெசோக்' சரியாக மறுநாளாகவே இருந்தது என்பதை மொழியியலார் கவனிக்க.

வைப்புத்தொகை இல்லாத வெளிச்சங்கள் இவ்வட்டாரத்தில் வேறு உண்டா என்பதும் பார்க்கப்பட்டது. புக்கிட் மெலாவத்தியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அது கப்பலுக்கு, குடும்பத்துக்கு ஆகாது. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னி அணைகின்றன. சூடே இல்லாத வெளிச்சம், பில்லும் இல்லை. ஒரு நொடியில் பலமுறை அணைவதால் அந்த வெளிச்சத்தில் பருப்பு பொறுக்க முடியாது என்று பெரியம்மா நிராகரித்துவிட்டார்.

ஒரு செய்தியை மட்டும் விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை. பெ.டி.யில் கிடைத்த முதல் மின்சார பில்லில் பெரியப்பாவின் முழுப்பெயர், அ/லெ என்று தாத்தா பெயர், கீழே வீட்டு எண், சாலைப் பெயர், தாமான் பெயர். அதற்கு முந்திய காகிதங்கள் எல்லாவற்றிலும் முகவரி 'லாடாங்' என்றுதான் தொடங்கும். அடுத்து வருவது தோட்டத்தின் பெயர். மூன்று தலைமுறை எரித்த விளக்குக்கு ஒரு காகிதத்திலும் இவர்கள் பெயர் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முகவரிச் சான்று கேட்டால் மின்சார பில்லை நீட்டும் வழக்கம் இங்கு உண்டு. லயத்தில் இருந்தவரிடம் நீட்ட எதுவும் இருந்ததில்லை. உலு சிலாங்கூர் பக்கம் லாடாங் மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல பத்தாண்டு காத்திருந்து, 2024இல்தான் அடிக்கல்லைப் பார்த்தன. டெபாசிட் அதிகம் என்று முணுமுணுக்கக்கூட முதலில் ஒரு வீடு வேண்டியிருக்கிறது.

டெபாசிட் ரசீதும் பெ.டி.யில் இருக்கிறது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கறை, மைலோவாக இருக்கலாம்.

கடைசியாக, மதிப்பீட்டு முறையின் ஒரு குறையைப் பதிவு செய்ய வேண்டும். புதுவீட்டில் பெரியப்பாவின் பில் எதிர்பார்த்த தொகைக்கு அருகில்கூட வரவில்லை. மாதாமாதம் சொற்பம். மீட்டர் பழுதோ என்று பார்க்கப்பட்டது. மீட்டர் சரியாகவே ஓடியது. பிறகுதான் காரணம் தெரிந்தது. இரவு பத்து மணி ஆனதும் அவர் எழுந்து போய், "இஞ்சின் நிக்கிற நேரம்" என்று சொல்லி மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். விளக்கு, விசிறி, ஐஸ்பெட்டி எல்லாம் நின்றுவிடும். காலையில் பெரியம்மா மீன் குழம்பை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொட்டுவார். வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை. தோட்டத்தை விட்டு வந்து ஆண்டு ஒன்றாகியும் அவருக்குள் அந்த இஞ்சின் பத்து மணிக்கு நின்றுகொண்டே இருந்தது.

புத்தகக்கடையில் கொடுத்த முருகன் படக் காலண்டரைப் பெரியம்மா கொண்டுவந்து மெயின் சுவிட்ச் பெட்டியின்மேல் ஆணியடித்து மாட்டினார். பெரியப்பா அன்றிரவு பத்து மணிக்கு எழுந்து போனார். படத்தின் முன் சற்று நேரம் நின்றார். திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு வந்து படுத்துவிட்டார். அடுத்த மாத பில் மதிப்பீட்டுக்கு மிக அருகில் வந்தது.