திரைப் பிரதிஷ்டை

இல்லத்துக்கென ஒரு கணினித் திரை வாங்கப் புறப்படும் கிருகஸ்தர், அது 1 கோடியே 67 லட்சம் வர்ணங்களைக் காட்டவல்லது என்றும், விநாடிக்கு 144 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்றும், ஒளிக்கும் இருளுக்கும் இடையே உள்ள தாரதம்மியம் கோடிக்கு ஒன்று என்றும் விற்பனையாளர் பாராயணம் செய்யக் கேட்டுப் பரவசராகி, 27 அங்குலத் திரையோடு வீடு திரும்புகிறார். (கோடி என்பது பின்விளக்கை மங்கவைத்து அளந்த கணக்கு, ஐ.பி.எஸ். வகைத் திரையின் மெய்யான விகிதம் பெரும்பாலும் ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டியே நிற்கும்.) குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று அமைந்த அந்தப் பரப்பில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 82 புள்ளிகளே தேறுவதால், எழுத்துக்களின் விளிம்பு பல்லிளிக்கிறது, 24 அங்குலமாயின் அதே புள்ளிகள் நெருங்கி நின்று 92 ஆகியிருக்கும். ஆனால், சிறியதை வாங்கினால் அடுத்த வீட்டார் என்ன நினைப்பார்கள்?

பிரதிஷ்டையும் ஜன்னலுக்கு நேரெதிரே நடந்தேறுகிறது. ஆதலால் பகற்பொழுதில் அதில் பிரசன்னமாவது பெரும்பாலும் எதிர்வீட்டு மாடியில் உலரும் வேட்டிதான். 144 என்ற அந்த மகத்தான எண்ணோ, அமைப்புகளுக்குள் நுழைந்து எவரும் மாற்றாத காரணத்தால், 60இலேயே சாவகாசமாக நிஷ்டையில் இருக்கிறது. வெளிச்சமும் கடையில் கண்ணைப் பறிக்க வைத்த அளவிலேயே இருப்பதனால், இரவில் மின்கட்டண ரசீதைத் திறந்து பார்க்கையில் கிருகஸ்தரின் முகம் அபூர்வமான தேஜஸுடன் பிரகாசிக்கிறது.