மூச்சை இழுங்க… பாலிசி எத்தனை?

வங்கி ஊழியருக்கும் மன அழுத்தம் வரும் என்று எங்கள் தலைமை அலுவலகம் ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டது. அதைப் போக்க ஞாயிற்றுக்கிழமையில் பயிற்சி வகுப்பு வைத்தது. லீவைப் பிடுங்கிக்கொண்டால் அழுத்தம் குறையும் என்பது என்ன வைத்தியமோ! வராதவர்கள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று சுற்றறிக்கை வேறு.

பயிற்சியாளர் எலிகளிலிருந்து ஆரம்பித்தார். 1936-ல் ஹான்ஸ் செலியே என்ற விஞ்ஞானி எலிகளைக் குளிரில் வைத்தார், ஓயாமல் ஓடவிட்டார், காயப்படுத்தினார். எதைச் செய்தாலும் உடம்புக்குள் ஒரே மாதிரிக் கோளாறு: வயிற்றில் புண், அட்ரினல் சுரப்பியில் வீக்கம். கேட்கக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் இருந்த நகைக்கடன் அதிகாரி மட்டும், “குடுத்துவெச்ச எலிங்க சார். இன்சூரன்ஸ் டார்கெட் கிடையாதே” என்றார்.

பிறகு கண்ணை மூடச் சொன்னார்கள். “மூச்சை இழுங்க… கவலையெல்லாம் வெளியே விடுங்க…” இழுத்த மூச்சு வெளியே வருவதற்குள் அத்தனை பேர் செல்போனும் சேர்ந்து அதிர்ந்தது. மண்டல அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழு: ‘இந்த வாரம் பாலிசி எத்தனை? உடனே பதில் தேவை.’ வகுப்பே கண்ணைத் திறந்துவிட்டது. பயிற்சியாளர் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வேலை அதிகம் என்பதால் மட்டும் யாரும் நொடிந்துபோவதில்லை. சுமை கூடுதலாகவும், அதை எப்படிச் செய்வதென்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் முற்றும் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதிவிட்டார். எங்கள் கவுண்டரைப் பார்க்காமலேயே எழுதினார் என்பதுதான் ஆச்சரியம்.

சந்தேகம் இருந்தால் நவம்பர் மாதம் வந்து பாருங்கள். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வாசல்வரை நிற்பார்கள். சரியாக அப்போதுதான் லிங்க் போகும். எங்கே போனது, எப்போது வரும், எனக்குத் தெரியாது. திட்டு மட்டும் எனக்கு. பாஸ்புக் மெஷினோ அடித்த வரிமேலேயே மறுபடி அடிக்கும். “பணம் மேல் வரியில இருக்கா, அடி வரியில இருக்காப்பா?” என்று ஒரு பாட்டி கேட்டார். பதில் சொல்ல எனக்கும் வரி தெரியவில்லை. மத்தியானம்வரை காத்திருந்து, தாம் உயிரோடு இருப்பதை நிரூபித்த பெரியவர் ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, எதுக்கும் நீயும் ஒண்ணு எழுதிக் குடுத்துடு” என்றார்.

எங்களைக் காப்பாற்றுவது நாலு மணி டீதான். மேனேஜர் வராதவரை அங்கே மேனேஜரைப் பற்றிப் பேசுவோம். அவர் வந்துவிட்டால் எல்லோருமாகச் சேர்ந்து மண்டல மேலாளரைப் பற்றிப் பேசுவோம். டம்ளர் காலியாகும்போது பாதி பாரம் இறங்கியிருக்கும். இதற்குப் பயிற்சியாளரும் வேண்டாம், பவர்பாயிண்ட்டும் வேண்டாம்.

மீதிப் பாதிக்கு மேலிடம்தான் மனசு வைக்க வேண்டும். ஐயா, மூச்சை நாங்களே இழுத்துக்கொள்கிறோம். ஆளில்லாமல் கிடக்கும் மூன்றாவது கவுண்டருக்கு ஓர் ஆளைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்.